இ.எஸ்.ஆர். குழாயும் மூத்திரப்பை ஆபரேஷனும்

"இ.எஸ்.ஆர். எவ்வளவுப்பா?" என்று ரவுண்ட்ஸில் கேட்காத சீஃப் நம் காலத்தில் உண்டா? வெஸ்டர்கிரென் குழாயில் ரத்தத்தை ஏற்றிவிட்டு ஒரு மணி நேரம் காவல் காத்தவர்கள்தானே நாமெல்லாம்! அந்தக் குழாயின் வாரிசுகளான சி.ஆர்.பி.யும் நியூட்ரோஃபில்–லிம்ஃபோசைட் விகிதமும் இன்று எழுபது, எண்பது வயதுப் பெரியவர்களின் மூத்திரப்பைப் புற்றுநோய் கேஸ் ஷீட்டுக்குள் நுழைந்திருக்கின்றன. வந்த வழியைக் கொஞ்சம் பார்ப்போம்.

ரத்தத்தை வடித்து வைத்தியம் பார்த்த காலத்திலேயே, அழற்சி உள்ளவரின் ரத்தம் கிண்ணத்தில் உறையும்போது மேலே வெளிறிய ஏடு படிவதை ஐரோப்பிய வைத்தியர்கள் கவனித்திருந்தார்கள். சிவப்பணுக்கள் சீக்கிரம் கீழே இறங்கிவிடுவதால் வந்த ஏடு அது. போலந்துக்காரரான பியர்நாட்ஸ்கி 1897-இல் அந்த இறக்கத்தை முறையாக ஆராய்ந்து எழுதினார். 1918-இல் ஸ்வீடனின் ராபின் ஃபாரெயஸ், கர்ப்பத்தைக் கண்டுபிடிக்க இது உதவுமா என்று பார்க்கப் போய், இன்னும் பல நிலைகளிலும் வேகம் கூடுவதைக் கண்டார். 1921-இல் வெஸ்டர்கிரென் அதைக் காசநோய் வார்டுக்குக் கொண்டுபோனார்.

சி.ஆர்.பி. பிறந்தது 1930-இல், நியூயார்க் ராக்ஃபெல்லர் நிலையத்தில், ஏவரியின் லேபில். (டி.என்.ஏ.தான் மரபுப் பொருள் என்று 1944-இல் காட்டிய அதே ஏவரி!) நிமோனியா நோயாளிகளின் சீரத்தில் நிமோகாக்கஸின் 'சி' பாலிசாக்கரைடைச் சேர்த்தால் வீழ்படிவு வருவதை டில்லெட்டும் ஃபிரான்சிஸும் பார்த்தார்கள். நோய் தணிந்ததும் அதுவும் மறைந்தது. நிமோனியாவுக்கே உரியதோ என்ற எண்ணம் நிலைக்கவில்லை. மற்ற நோய்களிலும் அது தலைகாட்டியது. 'எங்கோ தீ எரிகிறது' என்று மட்டும் சொல்லும். எந்த வீட்டில் என்று சொல்லாது.

புற்றுநோய்க்கும் அழற்சிக்கும் உள்ள உறவை 1863-லேயே விர்ஷோ பேசிவிட்டார். மூத்திரப்பையில் அதற்கு நல்ல சாட்சி எகிப்தில் கிடைத்தது: பில்ஹார்சியாப் புழுவால் நாள்பட்டுப் புண்ணான பையில் புற்று வருவதை 1911-இல் கெய்ரோவிலிருந்து ஃபெர்குசன் எழுதினார்.

கத்தியின் கதை தனி. கொலோன் நகரில் பார்டன்ஹாயர் 1887-இல் முதன்முதலாக மூத்திரப்பையை முழுதாக எடுத்தார். இரண்டு வாரத்தில் நோயாளி யுரீமியாவில் போய்விட்டார். பையை எடுத்தபின் மூத்திரத்தை எங்கே விடுவது என்பதுதான் பெரிய தலைவலி. 1950-இல் பிரிக்கர் சிறுகுடலின் ஒரு துண்டைக் குழாயாக்கி வயிற்றுத் தோலுக்குக் கொண்டுவந்த பிறகே வழி பிறந்தது. இன்றும் அது பெரிய ஆபரேஷன்தான். நோயாளிகளோ பெரும்பாலும் எழுபதைத் தாண்டியவர்கள். புகை, சர்க்கரை, இதயம் என்று பாதி மூட்டையோடு வருகிறார்கள். "அப்பா தாங்குவாரா டாக்டர்?" என்று மகன் கேட்கிறான். என்ன சொல்வது?

இங்கேதான் மார்க்கர்கள் ஆசை காட்டின. சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மி.கி.க்கு மேல், ஆல்புமின் 35 கிராமுக்குக் கீழ் என்ற இரண்டையும் சேர்த்து 2003-இல் கிளாஸ்கோவில் ஒரு ஸ்கோர் போட்டார்கள்; முதலில் நுரையீரல் புற்றுநோய்க்கு. பிறகு பழைய கேஸ் ஷீட்டுகளைப் புரட்டிய பலர், ஆபரேஷனுக்கு முன் இந்த அளவுகள் மோசமாக இருந்த மூத்திரப்பை நோயாளிகள் பின்னால் அதிகம் சிரமப்பட்டார்கள் என்று எழுதினார்கள். ஆனால் ஸ்வாக் 8710 என்ற அமெரிக்க சோதனையின் நோயாளிகளை வைத்து 2017-இல் நியூட்ரோஃபில் விகிதத்தைச் சரிபார்த்தபோது, அது ஆயுளையும் கணிக்கவில்லை, முன்கூட்டிய கீமோவால் யாருக்குப் பலன் என்றும் காட்டவில்லை. பழைய ஷீட்டில் பளபளத்தது, முறையான சோதனையில் மங்கிவிட்டது.

எனக்கு இதில் ஆச்சரியம் இல்லை. வயசானாலே இ.எஸ்.ஆர். ஏறும். ஆணுக்கு வயதில் பாதி வரை நார்மல் என்ற சுலபக் கணக்கு 1983-இல் வந்ததே அதனால்தான். போதாக்குறைக்கு இந்த நோயாளிக்கு கதீட்டர் இருக்கும், யூரின் இன்ஃபெக்ஷன் இருக்கும், யூரிட்டர் அடைத்திருக்கும், போன வாரம்தான் உள்ளே கட்டியைச் சுரண்டியிருப்பார்கள். சி.ஆர்.பி. ஏறாமல் என்ன செய்யும்? அந்த எண்ணைக் காட்டி 'வயசாச்சு, வேண்டாம்' என்று அனுப்பிவிட்டால் அது அநியாயம். இன்ஃபெக்ஷனைத் தீர்த்து, அடைப்பை எடுத்துவிட்டு, நாலு வேளை ஒழுங்காகச் சாப்பிட வைத்து, மறுபடி ரத்தம் எடுக்க வேண்டும். அதோடு அவரை வார்டில் நடக்கச் சொல்லி, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுகிறாரா என்றும் பார்க்க வேண்டும்.