சிற்றூராட்சியும் சட்டநூலும்: செங்கலடியை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

பதுளையிலிருந்து இறங்கிவரும் நெடுஞ்சாலை திருகோணமலை வீதியைத் தொடுமிடம் செங்கலடி. ஏறாவூர்ப் பற்றுப் பிரதேச சபையின் நிலைக்களமும் அதுவே. சந்தியிற் கடைவரிசை; அதற்கப்பால் வயலும் குடியேற்றக் கிராமங்களும். இத்தகைய சிற்றூரை ஆளுதற்குச் சட்டம் வகுத்த வழி யாது, அவ்வழியில் அதிகாரம் யார் கையில் நின்றது என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

உள்ளூராட்சி பற்றி எழுதுவோர் உத்தரமேரூர்க் கல்வெட்டிலே தொடங்குதல் வழக்கம். குடவோலையை யாவரும் வியந்து பேசுவர். கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் சபையிற் புகலாகாது என்ற விதியோ அத்துணை பேசப்படுவதில்லை. நிற்க.

நம் நாட்டில் இக்கதை வயலிலே தொடங்குகின்றது. தேசாதிபதி வார்ட் காலத்து 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், நீர்ப்பாய்ச்சல் பற்றிய பழைய வழக்கங்களை உழவர் கூடித் தீர்மானித்து நடத்த இடமளித்தது. வட்டவிதானையின் சொல்லுக்கு அடங்கி வாய்க்கால் வெட்டிய மட்டக்களப்பு உழவனுக்கு இது புதுமையன்று. அவன் அறிந்ததையே அரசு எழுத்தில் வைத்தது. 1871இல் கிராமச் சமுதாயக் கட்டளைச்சட்டம் இதனை விரித்தது. சிறு பட்டினங்களுக்கு 1892இல் வந்த சுகாதாரச் சட்டமோ வேறு போக்கினது. அரசாங்க ஏசண்டரின் தலைமையில் அமைந்த சபையே வடிகாலையும் சந்தையையும் கவனித்தது; ஊரவர் வரி செலுத்துவோராக மட்டும் நின்றனர்.

1938ஆம் ஆண்டுத் திருத்தம் கிராமச் சங்கத் தலைவரை மக்கள் பிரதிநிதிகளே தெரியும் நிலையைத் தந்தது. வன்னியனார் முதலிய தலைமைக்காரரின் நிழலில் நடந்த காரியம் ஊரவர் கைக்கு மாறிற்று. 1939இல் நகரசபைச் சட்டமும், 1946இல் பட்டினசபைச் சட்டமும் தொடர்ந்தன. இம்முயற்சி நெடுநாள் நிலைக்கவில்லை. 1981 முதலாகக் கிராமச் சங்கங்களும் பட்டின சபைகளும் மறைந்து, மாவட்ட அபிவிருத்திச் சபையின் உப அலுவலகங்களாயின. தூரத்தில் எடுத்த முடிவுக்கு வாசற்படியாய் நிற்பதன்றி ஊருக்கு அப்பொழுது வேறு தொழில் இருந்ததாகத் தோன்றவில்லை.

1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டமே இன்றுள்ள ஒழுங்கு. பொதுச் சுகாதாரம், பொதுப்பயன் சேவை, பாதைகள் என்பன சபையின் கடன். துணைவிதி இயற்றலாம், ஆயின் அமைச்சரின் அங்கீகாரம் வேண்டும். சோலைவரியை எங்கும் விதித்தல் இயலாது. கட்டடம் செறிந்த பகுதியென வரையறுத்த இடத்திலேயே விதிக்கலாம். செங்கலடிக்கு இதன் பொருள் வெளிப்படை. வரி பிறப்பது சந்தியில். மதகும் பாதையும் வேண்டுவன உட்கிராமங்கள். அப்பணத்தைப் பங்கிடுவது யாரென்பது சிறு வினாவன்று. அதனாற்றான் வரவுசெலவுத் திட்டத்தை உறுப்பினர் முன் வைக்கவேண்டும், அவர்கள் அதனைத் திருத்தலாம், நிராகரிக்கலாம் எனச் சட்டம் கூறுகின்றது.

சட்டம் இருந்தும் சபை கூடாத காலமே எமக்குப் பெரிது. போர்க்காலத்தில் தேர்தல்கள் தடைப்பட்டன. மட்டக்களப்பு மாவட்டத்தின் 9 மன்றங்களுக்கும் 2008 மார்ச் 10இல் வாக்களிப்பு நிகழ்ந்தபோது, முந்திய தேர்தல் நடந்து 14 ஆண்டுகள் கழிந்திருந்தன. பின்னர் 2023 மார்ச்சில் நாடெங்கும் மன்றங்களின் காலம் முடிந்தது. அம்மாதம் 9ஆம் நாளுக்குக் குறித்த தேர்தல் தள்ளிப்போய், 2025 மே 6இலேயே நடந்தது. இடையிட்ட ஈராண்டும் பிரதேச சபைகளின் அதிகாரத்தைச் செயலாளரே செலுத்தினர். குப்பை அள்ளப்பட்டது, வரி வசூலானது, தெருவிளக்கும் எரிந்தது. சட்டநூலைப் பிழையின்றி அறிந்த அலுவலர் இவற்றைச் செய்தல் அரிதன்று. அவர் குற்றமும் இதிலில்லை.

எனினும் உட்கிராமத்து உழவன் ஒருவன், மதகுக்கு ஒதுக்கிய பணம் சந்திக்கு ஏன் போயிற்று என்று வினவ விரும்பின், அவனுக்காக எழுந்து பேச உறுப்பினர் எவருமிலர். திட்டத்தை முன்வைத்த கையும் அதனை ஏற்ற கையும் ஒன்றேயாயின.