தெருவைக் காத்த கரங்கள்
(சிங்கப்பூர் நகரச் சாலைகள்: ஒரு வரலாற்று நோக்கு)

சிங்கப்பூர் சவுத் பிரிட்ஜ் சாலையில் எழுந்தருளி அருள்பாலிக்கும் ஸ்ரீ மாரியம்மன் ஆலயம் 1827ஆம் ஆண்டில் நாராயண பிள்ளை அவர்களின் முயற்சியால் தோன்றியது என்பதை இந்நாட்டு இந்துப் பெருமக்கள் அறிவர். ஆலயத்தை அடுத்துள்ள இரு தெருக்களும் அன்னையின் திருக்கோயிலாலேயே பெயர் பெற்றவை. ஒன்று டெம்பிள் ஸ்திரீட். மற்றொன்று கோபுரத்தைக் கண்டு பெயரிடப்பட்ட பகோடா ஸ்திரீட்.

ஆலயங்களின் வரலாறு மலர்தோறும் எழுதப்பட்டு வருகிறது. பக்தர்களை அவ்வாலயங்களின் வாயிலுக்குக் கொண்டு சேர்க்கும் தெருக்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் தமிழரின் வியர்வையும் மிகுதியாகக் கலந்திருக்கிறது. திருவிழாக் காலத்தில் அதனை நினைவுகூர்வது பொருத்தமாகும்.

ஐந்தடிப் பாதையின் தோற்றம்

1822ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சர் ஸ்டாம்போர்டு ராபிள்ஸ் நகரை ஒழுங்குபடுத்த ஒரு குழுவை அமைத்தார். அக்குழுவுக்கு அவர் அளித்த அறிவுரைகளுள் ஒன்று, தெருவின் இருபுறமும் கட்டப்படும் ஒவ்வொரு வீட்டின் முன்பும் கூரையுடன் கூடிய நடைபாதை இருத்தல் வேண்டும் என்பது. ஒரு வீட்டின் நடை அடுத்த வீட்டின் நடையோடு தொடர்ந்து செல்ல வேண்டும். எந்நேரமும் திறந்திருக்க வேண்டும். நண்பகல் வெயிலும் திடீர் மழையும் மாறி மாறி வரும் இந்நாட்டில், நடந்து செல்வோருக்கு இது பெரும் கொடையாகும். இதனையே மலாய்க்காரர் 'காக்கி லீமா' என்றும், தமிழர் 'ஐந்தடி' என்றும் அழைக்கலாயினர்.

இவ்வேற்பாட்டில் நுட்பமான நியதி ஒன்று அடங்கியிருந்தது. ஐந்தடி அமைந்த நிலம் வீட்டுக்காரருடையது. அதன்மேல் நடந்து செல்லும் உரிமையோ ஊராருடையது. தனியுடைமையும் பொதுவுரிமையும் ஒரே கல்தளத்தின்மேல் சந்தித்தன. நகரின் பிற்கால வழக்குகள் பலவற்றுக்கும் இதுவே வித்தாயிற்று.

கைதிகள் அமைத்த சாலைகள்

திட்டம் தீட்டுவது எளிது. சதுப்பு நிலத்தைத் தூர்த்துச் சாலை போடுவது அரிது. அந்த அரிய பணியைச் செய்தவர்கள் இந்தியாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட கைதிகள். 1825ஆம் ஆண்டு பென்கூலனிலிருந்து அவர்கள் இங்குக் கொண்டுவரப்பட்டனர். முதலில் வந்தோர் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவர்கள். அடுத்து வங்காளத்தைச் சேர்ந்தோர் வந்தனர். 1873ஆம் ஆண்டில் இங்குள்ள கைதி முகாம் மூடப்படும் வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம், நகரின் பொதுப்பணிகளில் பெரும்பகுதி அவர்களுடைய உழைப்பினாலேயே நடைபெற்றது.

1833ஆம் ஆண்டில் பொதுப்பணிக் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்ற ஜார்ஜ் கோல்மன், கைதிகளைக் கொண்டே நார்த் பிரிட்ஜ் சாலையையும் சவுத் பிரிட்ஜ் சாலையையும் அமைத்தார். இன்று வெள்ளி இரதம் உருண்டு செல்லும் சாலை அவ்வாறு உருவானதே. காடழித்தல், கால்வாய் வெட்டுதல், பாலம் கட்டுதல், புலாவ் ஊபினில் கருங்கல் உடைத்தல், சிராங்கூன் சாலையில் செங்கல் அறுத்தல் எனப் பல தொழில்களிலும் அவர்கள் தேர்ச்சி பெற்றனர். அவர்களுள் நன்னடத்தை உடையோரே மற்றவர்களுக்கு மேற்பார்வையாளராகவும் நியமிக்கப்பட்டனர். இம்முறையைக் குறித்து மேஜர் மெக்னேர் 1899ஆம் ஆண்டில் ஒரு நூலே வெளியிட்டார்.

விடுதலை பெற்றவர்களுள் பலர் இங்கேயே தங்கி, வண்டியோட்டிகளாகவும் மாடு வளர்ப்போராகவும் வாழ்ந்தனர். கோல்மன் பெயரால் ஒரு தெரு உண்டு. மெக்னேர் பெயரால் ஒரு சாலை உண்டு. கல்லுடைத்தவர்களின் பெயர்களோ பதிவேட்டின் பக்கங்களோடு நின்றுவிட்டன.

ஐந்தடிக்காக எழுந்த கலகம்

நகரம் வளர்ந்தது, வாணிகமும் பெருகியது. கடைக்காரர்கள் தங்கள் மூட்டைகளையும் கூடைகளையும் ஐந்தடியில் அடுக்கினர். முடிதிருத்துவோரும் உணவு விற்போரும் கடிதம் எழுதிக் கொடுப்போரும் அங்கேயே தொழில் நடத்தினர். நடந்து செல்வோர் வேறு வழியின்றி, மாட்டுவண்டியும் ரிக்ஷாவும் நெருக்கியடிக்கும் வீதியில் இறங்கி நடக்க வேண்டியதாயிற்று.

1887ஆம் ஆண்டின் நகராண்மைச் சட்டத்தைக் கொண்டு ஐந்தடிகளை ஒழித்துத் தர நகராண்மைக் கழகம் முற்பட்டது. நகராண்மைப் பொறியாளர் ஜேம்ஸ் மெக்ரிட்சி இப்பணியில் உறுதியாக நின்றார். 1888ஆம் ஆண்டு பிப்ரவரியில் கடைக்காரர்கள் கதவடைப்புச் செய்தனர். கலகம் மூண்டது, டிராம் வண்டிகள்மீது கற்கள் வீசப்பட்டன, நகரத்தின் அன்றாட வாழ்வு சில நாள்கள் நிலைகுலைந்தது. முடிவில் இருதரப்பும் சற்றே இறங்கி வந்தன. மக்கள் நடந்து செல்லப் போதிய வழி விடப்படுமாயின், எஞ்சிய இடத்தில் பொருள் வைப்பது பொறுத்துக்கொள்ளப்பட்டது.

இதில் யார் வென்றார், யார் தோற்றார் என்று ஆராய்வதைவிட, இருபுறத்து நியாயத்தையும் எண்ணிப் பார்ப்பது நன்று. சிறு வணிகனுக்கு ஐந்தடி வயிற்றுப் பிழைப்பு. முதியவருக்கும் குழந்தையை இடுப்பில் சுமந்த தாய்க்கும் அது உயிர்ப் பாதுகாப்பு. சட்டத்தின் கடுமையால் மட்டும் தீராத அப்பூசல், விட்டுக்கொடுத்தலினாலேயே தணிந்தது.

வண்டி நிறுத்தும் இடம்

வாகனத்தை எங்கே நிறுத்துவது என்னும் சிக்கல் மோட்டார் காருடன் பிறந்தது என்று பலர் கருதுவர். உண்மையில் அது மாட்டுவண்டிக் காலத்திலேயே தொடங்கியது. மாட்டுவண்டிகள் தண்ணீர் சுமந்து சென்றதால் ஒரு வட்டாரமே 'கிரேத்தா ஆயர்', அதாவது தண்ணீர் வண்டி, என்று பெயர் பெற்றது. தேக்கா வட்டாரத்திற்குக் 'கண்டாங் கெர்பாவ்', அதாவது எருமைத் தொழுவம், என்னும் பெயரும் இவ்வாறே அமைந்தது. வண்டிகளின் இரும்புப் பட்டைச் சக்கரங்கள் செம்மண் சாலைகளை உழுதுவிடும். மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் புழுதி. கருங்கல் சல்லி பரப்பிச் சாலைகளைக் கெட்டிப்படுத்துவது நகராண்மைக்கு ஓயாத வேலையாக இருந்தது.

1880ஆம் ஆண்டில் ரிக்ஷா வந்தது. 1905ஆம் ஆண்டில் மின்சார டிராம் வந்தது. பின்னர் கார்கள் பெருகின. 1975ஆம் ஆண்டு ஜூன் மாதம் 2ஆம் நாள் முதல், காலை நெரிசல் நேரத்தில் நகர மையத்தினுள் நுழையும் கார்கள் உரிமச் சீட்டு வாங்க வேண்டும் என்னும் விதி நடைமுறைக்கு வந்தது. நாள் கட்டணம் 3 வெள்ளி. நால்வர் அல்லது அதற்கு மேற்பட்டோர் பயணம் செய்த காருக்கு விலக்கு உண்டு. 1980ஆம் ஆண்டில் வாகன நிறுத்தக் கூப்பன் முறை அறிமுகமாயிற்று. நாளையும் நேரத்தையும் குறிக்கும் துளைகளைக் கிழித்துக் கண்ணாடிக்குப் பின்னே வைத்த அச்சிறு தாள் பலருக்கும் நினைவிருக்கும். 1998ஆம் ஆண்டில் மின்னியல் சாலைக் கட்டணமும், 2017ஆம் ஆண்டில் கைப்பேசி வழி நிறுத்தக் கட்டணமும் வந்தன.

கருவிகள் மாறினவே தவிர, அடிப்படை மாறவில்லை. நகர மையத்தில் இடம் குறைவு, வேண்டுவோர் மிகுதி. ஒருவர் நெடுநேரம் பிடித்துக்கொண்டால் மற்றவர்க்கு இல்லாமற்போகும். அளவறிந்து பகிர்ந்துகொள்ளச் செய்வதே கட்டணத்தின் நோக்கம் எனலாம்.

துடைப்பம் ஏந்தியோர்

கைதிகளின் காலம் முடிந்த பின்னர் சாலைப்பணியும் துப்புரவுப்பணியும் பெருமளவு தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்களிடம் சேர்ந்தன. நகராண்மைக் குடியிருப்பு வரிசைகளில் அவர்கள் குடும்பத்துடன் வாழ்ந்தனர். தார் காய்ச்சுதல், குழி அடைத்தல், வடிகால் தூர் வாருதல், வீதி பெருக்குதல் ஆகியவை அவர்களின் அன்றாடப் பணிகள். ஊர் விழிக்கும் முன் தெரு தூய்மையாக இருந்ததற்கு அவர்கள் அதற்கு முன்பே விழித்திருந்ததே காரணம். இங்குள்ள ஆலயங்கள் பலவற்றில் விளக்கெரிந்ததும் இத்தகைய எளியோரின் காணிக்கையால்தான்.

1951ஆம் ஆண்டில் சிங்கப்பூர் மாநகரத் தகுதி பெற்றது. 1968ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் பிரதமர் திரு லீ குவான் இயூ 'சிங்கப்பூரைத் தூய்மையாக வைத்திருப்போம்' இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். 1986ஆம் ஆண்டுக்குள் தெருவோர உணவுக் கடைகள் அங்காடி நிலையங்களுக்கு மாற்றப்பட்டுவிட்டன. 1989ஆம் ஆண்டில் லிட்டில் இந்தியா, சைனாடவுன், கம்போங் கிளாம் ஆகியவை பாதுகாக்கப்பட்ட வட்டாரங்களாயின. பழைய கடைவீடுகளோடு ஐந்தடிகளும் காக்கப்பட்டன.

திருவிழாவும் தெருவும்

தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் ஆலயத்திலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி ஆலயம் வரை பக்தர்கள் காவடியும் பால்குடமும் ஏந்திச் செல்கின்றனர். தீமிதித் திருநாளன்று அதே பெருமாள் ஆலயத்திலிருந்து ஸ்ரீ மாரியம்மன் ஆலயத்தை நோக்கி நடக்கின்றனர். வெறுங்காலுடன் செல்லும் அவர்களின் பாதத்தில் ஒரு கல்லும் குத்தாமல் இருப்பதற்குப் பின்னே பலருடைய கவனம் இருக்கிறது. அந்நாளில் மற்றவர்கள் தங்கள் பாதையைச் சற்றே ஒதுக்கித் தருகின்றனர். பேருந்துகள் வழி மாற்றிச் செல்கின்றன. பிற இனத்தவரும் பிற சமயத்தவரும் செய்யும் இவ்வுதவி சிறிதன்று.

அதற்கு ஈடாகப் பக்தர்கள் செய்யக்கூடியவையும் உண்டு. அண்டை வீட்டார் வாயிலை அடைத்து வாகனம் நிறுத்தாதிருத்தல், ஐந்தடியில் காலணிகளைக் குவிக்காதிருத்தல், உடைத்த தேங்காய் ஓடுகளை உரிய தொட்டியில் சேர்த்தல், முதியோருக்கும் சக்கர நாற்காலியில் வருவோருக்கும் வழிவிடுதல் ஆகியன அவை. விழா முடிந்த பின் வீதியைப் பெருக்க வரும் தொழிலாளரை ஒரு வாய்ச் சோற்றுக்கு அன்போடு அழைப்பதும் அவற்றுள் ஒன்று. அவர்களுள் சிலர் இன்றும் தமிழகத்திலிருந்தே வருகின்றனர். சாலை போட வந்த முதல் தலைமுறையின் அதே பாதையில் வந்தவர்கள் அவர்கள்.

அன்னையின் திருவருளால் அனைவருக்கும் நல்வழி அமைவதாக!