தூண்டில்காரரின் நோட்டு

மரக்காணம் உப்பளங்களைத் தாண்டி முகத்துவாரப் பக்கம் போயிருந்தேன். கரையில் மூன்று பேர் ரீல் தூண்டிலோடு நின்றார்கள். கொடுவா பிடிக்க வெளியூரிலிருந்து காரில் வந்தவர்கள். பக்கத்தில் வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார்: "அவங்க பொழுதுபோக்குக்குப் பிடிக்கிறாங்க தம்பி, நாங்க பொழப்புக்குப் பிடிக்கிறோம். தண்ணி ஒண்ணுதான்."

வீட்டுக்கு வந்து சட்டத்தைப் புரட்டினேன். 1983இன் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் படகுகளைப் பற்றித்தான் பேசுகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்காலமும் விசைப்படகுகளுக்குத்தான். கரையில் தூண்டிலோடு நிற்பவர் அதன் கண்ணில் படவே இல்லை.

ஆனால் ஒரு காலத்தில் தூண்டில்காரர் வைத்ததுதான் சட்டம். சென்னை மாகாண அதிகாரி எச்.எஸ். தாமஸ், தூண்டில் பித்தர். 1873இல் 'தி ராட் இன் இந்தியா' என்ற நூலை எழுதினார். சிறுகண் வலையும் விஷமும் ஆற்றுமீனை அழிக்கின்றன என்று விடாமல் வாதாடினார். நீலகிரியில் வேட்டைப்பிரியர்களான ஆங்கிலேயர்கள் 1877இல் சங்கம் அமைத்தார்கள். இரண்டே ஆண்டில், 1879இல், வேட்டை, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெடியும் விஷமும் போட்டு மீன் பிடிப்பதை 1897இன் இந்திய மீன்வளச் சட்டம் தடை செய்தது. தடை நல்லதுதான். ஆனால் இந்தச் சட்டங்களை எழுதிய மேசையில் வலைக்காரருக்கு நாற்காலி இல்லை.

அப்படியானால் தூண்டில்காரரால் பயனே இல்லையா? இருக்கு. கர்நாடகக் காவிரியில் கலிபோர் முகாமுக்கு வந்தவர்கள், பிடித்த மகசீரை எடைபோட்டு, குறித்துக்கொண்டு, திரும்ப ஆற்றிலேயே விட்டார்கள். 1998 முதல் 2012 வரையிலான அந்தக் குறிப்புகளில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மீன்கள். 2015இல் ஆய்வாளர்கள் கூட்டிப் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது: மொத்த எண்ணிக்கை கூடியிருந்தது, ஆனால் காவிரிக்கே உரிய திமில் மகசீர் கிட்டத்தட்ட காணாமல் போயிருந்தது. பெருகியது, லோனாவாலா பண்ணையிலிருந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மகசீர். 2018இல் திமில் மகசீர், அழிவின் விளிம்பில் உள்ள உயிரினமாகப் பட்டியலில் சேர்ந்தது. பொழுதுபோக்குக்காரர்கள் எழுதிவைத்த நோட்டு இல்லையென்றால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

மரக்காணத்துக்கும் இதுதான் வழி என்று நினைக்கிறேன். என்ன மீன், என்ன எடை, எந்த நாள், விட்டாரா எடுத்துப்போனாரா என்று தூண்டில்காரர் எழுதட்டும். மாதம் ஒருமுறை அதை மீனவப் பஞ்சாயத்தில் வாசிக்கட்டும். கணக்கு அவர்களுடையது, முடிவு ஊருடையது. நீலகிரியில் தூண்டில்காரருக்கு அதிகாரம் கிடைத்தது. காவிரியில் அவர் சாட்சியாக நின்றார். நமக்கு வேண்டியது சாட்சிதான்.

அடுத்த முறை போகும்போது அந்தப் பெரியவரிடம் இதைச் சொல்லிப் பார்க்கணும்.