உருளையில் எழுதிய ஒளி: கொழும்பு வெசாக் பந்தல்களின் வரலாறு

ஓவியமும் மின்சாரமும் நிரலாக்கமும் கொழும்பில் ஒன்றுகூடிய வரலாறு, கலைக்கூடங்களுக்கு வெளியே, தெருவோரங்களில், வைகாசிப் பௌர்ணமியை ஒட்டி எழுப்பப்படும் வெசாக் பந்தல்களில் உருப்பெற்றுவிட்டது. சிங்களத்தில் ‘தொரண’ எனப்படும் இப்பந்தல், கமுகு, மூங்கில், பிற்காலத்தில் இரும்பு ஆகியவற்றால் உயர்த்தப்பட்ட சட்டகத்தில், புத்தரின் முற்பிறப்புகளைக் கூறும் ஜாதகக் கதைகளுள் ஒன்றைப் பல ஓவியப் பலகைகளாகப் பிரித்துப் பொருத்தி, நடுவே புத்தரின் உருவத்தை அமைத்து, அவற்றைச் சுற்றி ஆயிரக்கணக்கான வண்ண மின்குமிழ்களை ஓடவிடும் ஒரு பெரும் அமைப்பாகும். ஒலிபெருக்கியில் கதை பாட்டாகச் சொல்லப்படுகையில் அதற்குரிய பலகை ஒளிபெறும். பார்ப்பவர் கண் பாட்டின் வழியே ஒரு காட்சியிலிருந்து மறு காட்சிக்குச் செல்லும்.

இவ்வழக்கத்தின் பொதுவெளி வரலாற்றிற் கொட்டாஞ்சேனைக்குத் தனியிடம் உண்டு. 1873-இல் பாணந்துறை விவாதத்திற் கிறிஸ்தவப் போதகர்களோடு வாதிட்ட மிகெட்டுவத்தை குணானந்த தேரரின் இருப்பிடமான தீபதுத்தாராமய விகாரை இங்குதான் உள்ளது. 1883-ஆம் ஆண்டு ஈஸ்டர் ஞாயிறன்று அவ்விகாரையை நோக்கி வந்த பௌத்த ஊர்வலம் தாக்கப்பட்டுக் கலவரம் மூண்டது. அதன்பின் பௌத்தர்களின் முறையீட்டோடு, அவர்களுக்காகப் பரிந்து பேசிய அமெரிக்கரான கேணல் ஒல்கொட் 1884-இல் இலண்டன் சென்றார். 1885-இல் வெசாக் பௌர்ணமி அரச விடுமுறையாக அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு ஏப்ரல் 28-இல் இதே விகாரையிற் பௌத்தக் கொடி முதன்முறையாக ஏற்றப்பட்டது. தமிழரும் கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் நெருங்கி வாழும், கோயிலும் தேவாலயமும் அடுத்தடுத்து நிற்கும் ஒரு பகுதியில் வெசாக் பொதுவிழாவாக வலுப்பெற்றது என்பது, பின்னர் அவ்விழா வீட்டு முற்றத்தைக் கடந்து தெருவைத் தன் மேடையாக்கிக்கொண்டதைப் புரிந்துகொள்ள உதவுகிறது.

பந்தலின் ஓவிய மொழி அச்சிலிருந்தும் நாடக மேடையிலிருந்தும் வந்தது. 1911-இல் மருதானையில் திறக்கப்பட்ட டவர் மண்டபத்தில் நூர்த்தி எனப்படும் பாட்டு நாடகங்களுக்குத் தீட்டப்பட்ட திரைச்சீலைகளும், எம். சார்லிஸ் வரைந்து கல்லச்சில் வெளியாகி வீடுதோறும் தொங்கிய புத்த சரிதப் படங்களும், ஆழமான பின்னணியும் பளிச்சிடும் ஆடையும் தெளிவான முகபாவமும் கொண்ட ஒரு பாணியை மக்கள் கண்ணுக்குப் பழக்கின. 1943-இல் கொழும்பில் உருவான ‘43 குழு’வின் நவீன ஓவியர்கள் வேறு வழியிற் சென்றனர், கலை வரலாறும் பெரும்பாலும் அவர்களைப் பின்தொடர்ந்தே எழுதப்பட்டது. இருளில், தொலைவில் நின்று, கூட்டத்தின் நடுவே அண்ணாந்து பார்ப்பவருக்காகப் படம் தீட்டுவதில் உள்ள நுட்பம் இதனால் உரிய கவனம் பெறாமற் போனது பெரும் இழப்பாகும். மின்குமிழின் மஞ்சள் ஒளியில் நீலம் மங்கும், சிவப்பு எழும். அதை முன்கூட்டியே கணித்து வண்ணம் கலக்க வேண்டியவர் பந்தல் ஓவியர்.

ஒளிவரிசையை ஆண்டதோ, பந்தலின் பின்புறத்தில் மறைவாக வைக்கப்பட்ட ஓர் உருளை. மரத்தாலான அவ்வுருளையின்மேல் செப்புத் தகடு வேண்டிய வடிவங்களில் வெட்டி அறையப்பட்டிருக்கும். மோட்டார் ஒன்று அதனை மெதுவாகச் சுழற்ற, நீளவாட்டில் வரிசையாக நிறுத்தப்பட்ட உலோக விரல்கள் அதன் மேற்பரப்பை உரசி நிற்கும். விரல் செப்பின்மேல் வரும்போது அதனோடு இணைந்த மின்குமிழ்த் தொகுதி எரியும். வெறும் மரத்தின்மேல் வரும்போது அணையும். ஆகவே உருளையின் சுற்றளவு காலத்தையும், அதன் நீளம் மின்சுற்றுகளின் எண்ணிக்கையையும், தகட்டின் ஒவ்வொரு வெட்டும் ஒரு கட்டளையையும் குறித்தன. தொடுகை பிரியும் கணந்தோறும் நீலப் பொறி தெறித்துச் செப்பு கறுக்குமாதலால், அரத்தாளோடு அருகில் ஒருவர் இருந்து கவனிக்க வேண்டியதும் இவ்வேலையின் பகுதியாயிற்று. செய்நிரல் என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டு, இயந்திரம் ஒழுங்காக நிறைவேற்றும் கட்டளைத் தொடர் என்று கொண்டால், இவ்வுருளை செய்நிரலே என்பதில் ஐயமில்லை. அதை எழுதியவர் தகரக் கத்தரியால் எழுதினார் என்பதுதான் வேறுபாடு.

ஓட்டம் என்று கண் காண்பது உண்மையில் எங்கும் நகராத ஒளியாகும். ஒரு வரிசையிலுள்ள மின்குமிழ்களில் 1, 4, 7 ஆகியவற்றை ஒரு சுற்றிலும், 2, 5, 8 ஆகியவற்றை இரண்டாவதிலும், 3, 6, 9 ஆகியவற்றை மூன்றாவதிலும் இணைத்து, மூன்று சுற்றுகளையும் முறையே எரித்தணைத்தால், ஒளி வரிசை நெடுக ஓடுவதுபோல் தோன்றும். இத்தோற்ற இயக்கத்தை உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர் 1912-இல் ஆய்ந்து எழுதினார். பந்தல் கலைஞர் அதைச் செய்து பார்த்துத் தேர்ந்தார். இழை மின்குமிழ் சட்டென அணையாது, இழை குளிரும்வரை சிறிது நேரம் கனன்று மங்கும். புத்தர் தலையைச் சுற்றிய ஒளிவட்டம் மென்மையாக விரிந்து சுருங்குவதுபோல் தெரிந்தமைக்கு இத்தாமதமும் ஒரு காரணம். பின்னர் வந்த எல்.ஈ.டி. விளக்குகள் கணத்தில் எரிந்து கணத்தில் அணைவன. பழைய மென்மையைப் பெற, மின்னோட்டத்தை நொடிக்குப் பல நூறு முறை துண்டித்து இணைத்து, எரியும் பங்கைப் படிப்படியாகக் குறைக்கும் துடிப்பகல முறையைச் செய்நிரலில் எழுத வேண்டியிருக்கிறது.

இவ்வளவு ஒளிக்கும் மின்சாரம் வேண்டும்: 1950-இல் லக்சபான நீர்மின் திட்டத்தின் முதற் கட்டம் இயங்கத் தொடங்கியது. 1956-இல் புத்தர் பரிநிர்வாணமடைந்த 2,500-ஆம் ஆண்டைக் குறிக்கும் புத்த ஜயந்தி பெரும் ஒளியலங்காரங்களோடு கொண்டாடப்பட்டது. அதே ஆண்டில் டோக்கியோவிற் குத்தாய் என்ற கலைக்குழுவைச் சேர்ந்த தனாக்கா அட்சுகோ, வண்ணம் பூசிய மின்குமிழ்களாலும் குழாய் விளக்குகளாலும் ஆன ‘மின் ஆடை’யைக் காட்சிப்படுத்தினார், பிரான்சில் நிக்கொலா ஷோஃபர், ஒளியையும் ஒலியையும் உணர்ந்து அசையும் ‘சிஸ்ப் 1’ என்ற சிற்பத்தைப் பிலிப்ஸ் நிறுவனத்தின் உதவியோடு உருவாக்கினார். இவ்விரண்டும் கலை வரலாற்று நூல்களில் இடம்பெற்றன. கொழும்புப் பந்தல்கள் விழா முடிந்ததும் கழற்றப்பட்டன. அந்த ஒளிக்கு ஓர் இருண்ட மறுபக்கமும் உண்டு: 1956 ஜூனிலேயே, சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய ‘சிங்களம் மட்டும்’ சட்டமும் நிறைவேறியது; 1958-இலும் 1983-இலும் கொழும்புத் தமிழர் வன்முறைக்கு உள்ளாயினர், தமிழர் செறிந்து வாழும் வெள்ளவத்தையும் தப்பவில்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பந்தல் பார்க்கப் போகும் தமிழ்க் குடும்பங்களின் பழக்கத்தை இந்நினைவுகளிலிருந்து பிரித்து எழுத முடியாது. செட்டியார் தெருவிலிருந்து காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கு வரும், முருகனுக்குரிய ஆடிவேல் ஊர்வலமும் இதே நகரின் ஒளிவிழாக்களுள் ஒன்று என்பதையும் உடன் நினைக்க வேண்டும்.

உருளையின் இடத்தை இலத்திரனியற் சுற்றுகள் மெல்லப் பிடித்தன. 2716 என்ற நினைவகச் சில்லில் 2,048 இடங்களும் ஒவ்வோர் இடத்திலும் 8 துவித இலக்கங்களும் உண்டு. இடங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படித்துச் செல்லும் எண்ணியொன்றை அதனோடு இணைத்தால், எட்டு விரல்களும் 2,048 கீற்றுகளும் கொண்ட உருளை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆயினும் சில்லுக்கு மாறியதனால் மட்டும் பந்தலின் இயல்பு மாறிவிடவில்லை. அது தன் முன் நிற்பவரை அறியாது. ஒருவர் நின்றாலும் ஆயிரவர் நின்றாலும் ஒரே வரிசையைச் சுற்றிச் சுற்றி நிகழ்த்தும். ‘இது நேர்ந்தால் அதைச் செய்’ என்ற நிபந்தனைக்கு உருளையில் இடமில்லை. ஊடாடு கலை, அதாவது பார்வையாளரின் செயலுக்கேற்ப மாறும் கலை, அந்த நிபந்தனையோடு பிறக்கிறது.

நுண்கட்டுப்படுத்தி, அதாவது செய்நிரலை ஏற்று உணரிகளைப் படித்து விளக்குகளை இயக்கும் சிறு கணினிச் சில்லு, அந்த நிபந்தனையை எழுதுவதை எளிதாக்கியது. 2005-இல் இத்தாலியின் இவ்ரேயாவிற் கலை, வடிவமைப்பு மாணவர்களுக்காக உருவான ஆர்டுவினோ பலகை, பொறியியல் பயிலாதோரையும் இத்துறைக்குள் அழைத்து வந்தது. காரீயத் (கிராஃபைட்) தூள் கலந்த வண்ணத்தால் ஓவியத்தின் ஒரு பகுதியைத் தீட்டிக் கம்பியால் ஆர்டுவினோ பலகையோடு இணைத்தால், கை நெருங்கும்போது அப்பகுதியின் மின்கொள்ளளவம், அதாவது மின்னேற்றத்தைத் தாங்கும் அளவு, சற்றே மாறும். அம்மாற்றத்தை அளந்து ஒளியையோ ஒலியையோ எழுப்பலாம். இங்கே வண்ணமே ஆளியாகிறது. போகலையிலும் கஹட்டகஹவிலும் தோண்டப்பட்டு, முதலாம் உலகப் போர்க் காலத்தில் கொழும்புத் துறைமுகம் வழியே பெருமளவில் ஏற்றுமதியான காரீயம் இலங்கையின் சொந்தக் கனிமம். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இலத்திரனியற் பாகங்கள் விற்கப்படுகின்றன. மூலப்பொருளுக்கு இந்நகரில் குறைவில்லை.

கடினமான வேலை ஓவியரிடம் உள்ளது. ஜாதகக் கதை வினையிலிருந்து விளைவுக்கு ஒழுங்காகச் செல்வது; பந்தலின் பலகைகளும் அந்த ஒழுங்கையே நம்பித் தீட்டப்பட்டன. கூட்டம் எந்தப் பலகையின் முன் திரள்கிறதோ அதுவே ஒளிரும் என்று செய்நிரல் எழுதினால், பார்ப்பவர் கதையின் நடுவிலோ முடிவிலோ நுழையக்கூடும். அப்போது ஒவ்வொரு பலகையும் தனக்கு முன்னும் பின்னும் எது வந்தாலும் பொருள் தருமாறு, முகத்தையும் கையசைவையும் பின்னணியையும் புதிதாக யோசித்துத் தீட்டப்பட வேண்டும்.