பஞ்சாபியில் தொனி

சொல்லின் சுருதி மாற, பொருளும் மாறுவது தொனி. சீனம், வியட்நாமியம் என்றே நினைவுக்கு வரும் இவ்வியல்பு, இந்தோ-ஆரிய மொழியான பஞ்சாபியிலும் உண்டு. ‘கோடா’வைச் சமச் சுருதியில் சொன்னால் சாட்டை, தாழ்த்தித் தொடங்கினால் குதிரை, உயர்த்தி இறக்கினால் தொழுநோயாளி. இடம் பார்த்துப் பேச வேண்டிய சொல்தான்!

குதிரையைக் குறிக்கும் இந்திச் சொல்லின் முதலொலி மூச்சு கலந்த அதிர்வொலி. பஞ்சாபியில் அம்மூச்சும் அதிர்வும் மறைந்து, அவற்றின் தடமாகத் தாழ்தொனி நின்றுவிட்டது. பஞ்சாபியை எழுதும் குர்முகி எழுத்தில் தொனிக்கெனத் தனிக்குறி கிடையாது. பழைய எழுத்துக்கூட்டலே அதைக் காட்டிக்கொடுக்கிறது.

வாக்கியத்தின் சுருதி ஏற்ற இறக்கமான ஒலிப்போக்கு, தொனியிலிருந்து வேறு. தமிழில் ‘வந்துட்டான்’ என்பதை இறுதியில் உயர்த்தினால் கேள்வியாகும். வினைச்சொல்லின் பொருள் மாறாது. ஆங்கிலத்தில் ‘ரெக்கார்ட்’ பெயரா வினையா என்பதை உணர்த்துவது அசையழுத்தம், தொனி அன்று.