உண்மை வடக்கு எது?

வீட்டு மாடியின் உச்சியில் நிறுத்தப்படும் காற்றுத் திசைகாட்டியில் இரு பகுதிகள் உண்டு. ஒன்று, காற்றுக்கேற்பச் சுழலும் அம்பு. மற்றொன்று, அதன் கீழே அசையாமல் நிற்கும் நான்கு கைகள். நாற்றிசைகளின் பெயர் தாங்கியவை. பார்ப்பவர் கண்ணைக் கவர்வது அம்பு. ஆனால் செய்தியின் உண்மை தங்கியிருப்பதோ அசையாத கைகளில்தான். அவற்றைப் பிசகாக நாட்டிவிட்டால், அம்பு எவ்வளவு ஒழுங்காகச் சுழன்றாலும் அது சொல்வது தவறாகவே முடியும். இச்சிறு கருவியின் பின்னால் நீண்டதொரு வரலாறு இருக்கிறது. அது நமது கிப்லாவோடும் தொடர்புடையது என்பதால் அதனைச் சுருக்கமாகக் காண்போம்.

ஏதென்ஸும் பக்தாதும்

கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில், ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்னர் ஆந்த்ரோனிகஸ் என்னும் வானியலறிஞர் எழுப்பிய எண்கோண வடிவப் பளிங்குக் கோபுரம் இன்றும் நிற்கிறது. எட்டுப் பக்கங்களும் எட்டுக் காற்றுகளுக்கு உரியவை. உச்சியில் வெண்கலத்தாலான காற்றுத் திசைகாட்டி ஒன்று சுழன்றது. திசைகளைப் பார்த்து அடித்தளம் இட்ட பின்னரே அதன்மேல் அம்பு ஏறியது என்பது கவனிக்கத்தக்கது. உஸ்மானியர் ஆட்சிக் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில், தர்வேஷ்கள் இக்கோபுரத்தைத் தமது தைக்காவாகக் கொண்டிருந்தனர்.

கி.பி. 762இல் கலீஃபா மன்ஸூர் பக்தாத் நகருக்கு அடிக்கல் நாட்டினார். நகரின் நடுவே அவரது அரண்மனை. அதன்மேல் 80 முழ உயரத்தில் பச்சைக் குவிமாடம். அதன் உச்சியில் ஈட்டி ஏந்திய குதிரை வீரனின் உருவம். அந்த ஈட்டி எத்திசையை நோக்கித் திரும்புகிறதோ அத்திசையிலிருந்து பகைவர் வருவர் என்று மக்கள் பேசிக்கொண்டனர். புவியியல் அறிஞர் யாகூத் இக்கதையை ஏற்கவில்லை. உருவம் எப்போதும் ஏதேனும் ஒரு திசையை நோக்கியே நிற்கும். அப்படியானால் எப்போதும் ஒரு பகைவன் வந்துகொண்டே இருக்க வேண்டுமே என்று அவர் கேட்டார். கி.பி. 941இல் (ஹிஜ்ரி 329) இடியும் மழையும் கூடிய ஓர் இரவில் அக்குவிமாடம் இடிந்து விழுந்தது.

அரண்மனையை ஒட்டியிருந்த பள்ளிவாசலைப் பற்றி இமாம் தபரீ (ரஹ்) அவர்கள் தரும் செய்தி இதைவிடப் படிப்பினை மிக்கது. அப்பள்ளியின் கிப்லா சரியாக அமையவில்லை. தொழுபவர் பஸரா வாயிலை நோக்கிச் சற்றே திரும்ப வேண்டியிருந்தது. காரணம், அரண்மனை முதலில் கட்டப்பட்டது. பள்ளிவாசல் அதன் சுவரை அனுசரித்துப் பின்னர் எழுந்தது. ஆற்றின் மறுகரையில் ருஸாஃபாவில் பள்ளிவாசல் முதலில் கட்டப்பட்டு, அரண்மனை பின்னர் வந்தது. எனவே அதன் கிப்லா இதைவிடச் சரியாக இருந்தது. முதலில் திசை, பிறகு சுவர் என்னும் முறை தவறியதால் வந்த பிழையே இது.

ஊசி காட்டும் வடக்கு

காந்த ஊசி இருக்கும்போது வடக்கைக் காண்பதில் என்ன சிரமம் என்று கேட்கத் தோன்றும். யமன் நாட்டு சுல்தான் அல்அஷ்ரஃப், 13ஆம் நூற்றாண்டின் இறுதியில், காந்த ஊசியைக் கொண்டு கிப்லா அறியும் முறையை எழுதி வைத்தார். ஆனால் ஊசி காட்டுவது காந்த வடக்கு. பூமியின் அச்சு காட்டுவது உண்மை வடக்கு. இரண்டும் ஒன்றல்ல. 15ஆம் நூற்றாண்டில் கெய்ரோவின் வானியலறிஞர் அல்வஃபாஈ இவ்விலகலை 7 பாகை எனக் குறித்துள்ளார்.

இவ்விலகல் நிலையானதும் அன்று. இலண்டனில் 1580இல் ஊசி கிழக்கே 11 பாகைக்குச் சற்று மேல் விலகி நின்றது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மேற்கே சுமார் 24 பாகை விலகியது. 2019இல் கிரீனிச்சில் விலகல் ஏறத்தாழ இல்லாமலே போயிற்று. பூமியின் ஆழத்தில் உருகிய இரும்பு இடையறாது நகர்வதே இதற்குக் காரணம்.

நிழல் காட்டும் வடக்கு

ஊசிக்கு முன்பே அறிஞர் கையாண்ட வழி நிழல். சமதளத்தில் ஒரு வட்டம் வரைந்து, நடுவில் செங்குத்தாகக் கோல் ஒன்றை நாட்ட வேண்டும். முற்பகலில் கோலின் நிழல்நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும், பிற்பகலில் தொடும் இடத்தையும் குறித்து, இரண்டையும் கோட்டால் இணைத்தால் அது மேற்கு கிழக்கு. அதற்குச் செங்குத்தான கோடு உண்மை வடக்கு தெற்கு. அரபு அறிஞர் இதனை ‘இந்திய வட்டம்’ என்றே அழைத்தனர். கஸ்னா நகரின் கிப்லாவைக் கணிக்கும் நோக்கில் 1025இல் நூல் எழுதிய அல்பிரூனி, நிழல்களைப் பற்றியும் தனி நூல் யாத்தார். நம் தமிழகத்திலும் கோலின் நிழலால் திசை குறித்து, நூல் பிடித்து அரண்மனை அமைத்த செய்தியைச் சங்க நூலாகிய நெடுநல்வாடை கூறுகிறது.

ஆகவே காற்றுத் திசைகாட்டி நிறுத்துவோர், மாடித் தளத்தில் இவ்வட்டத்தை வரைந்து கைகளைப் பொருத்தினால் போதும். இரவில் துருவ நட்சத்திரத்தைக் கொண்டு சரிபார்க்கலாம். அதன் பிசகு 1 பாகைக்கும் குறைவு. தமிழகத்தில் காந்த ஊசியின் விலகல் ஓரிரு பாகையே. ஆயினும் கான்கிரீட்டில் உள்ள இரும்புக் கம்பிகளின் அருகே ஊசி அதைவிடப் பன்மடங்கு தடுமாறும். கைபேசியில் உள்ள திசைகாட்டியும் அவ்வாறே.

இதனை நாம் வலியுறுத்தக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து கிப்லா, நேர் மேற்கிலிருந்து வடக்கே சுமார் 18 பாகை. இக்கணக்கு உண்மை வடக்கை அடிப்படையாகக் கொண்டது. கைபேசியை ஏந்தி, தூணருகே நின்று, ஸஃப்பு தவறு என்று வாதிட்டு ஜமாஅத்தைப் பிளவுபடுத்துவோர் சிலரை நாம் காண்கிறோம். முன்னோரைக் குறைகூறும் முன், கையிலுள்ள கருவி நிற்கும் அடித்தளத்தைச் சோதிப்போமாக. ஒரு கோலும், ஒரு கயிறும், ஒரு பகல் பொறுமையும் இருந்தால் அச்சர்ச்சை சகோதரத்துவம் குலையாமல் தீர்ந்துவிடும்.