அடிமை மோட்டாரின் கதை: ஒரு செர்வோ மாற்றுவதற்கு முன்னால்

இந்த எபிசோடை நான் செஞ்ச ஒரு தப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என்கிட்ட ஒரு ஆர்சி டிரக் இருக்கு. நிஜ வண்டியில் பத்தில் ஒரு பங்கு அளவு, பெரிய டயர்கள், மூணு கிலோவுக்கு மேல எடை. ஒரு நாள் அது கல்லுல மோதினப்போ ஸ்டியரிங் செர்வோவுக்குள்ள இருந்த பிளாஸ்டிக் பல்சக்கரம் உடைஞ்சுபோச்சு. ரிமோட்டில் திருப்பினா கிர்ருன்னு சத்தம் மட்டும் வரும், சக்கரம் திரும்பாது.

புதுசு வாங்கப் போனேன். ஒவ்வொரு பெட்டியிலும் ஏகப்பட்ட எண்கள். எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான்: பழசு 3 கிலோ சொச்சம், இது 25 கிலோ. எட்டு மடங்கு பலம்! அதையே வாங்கி மாட்டினேன்.

மைதானத்தில் முதல் அஞ்சு நிமிஷம் பிரமாதமா ஓடுச்சு. அப்புறம் முழு வேகத்தில் வரும்போது கடைசி வரைக்கும் திருப்பினேன். அந்த நொடியில் வண்டி என் கையை விட்டுப் போயிடுச்சு. ரிமோட்டில் என்ன செஞ்சாலும் பதில் இல்லை. இருந்த வேகத்திலேயே உருண்டு போய், சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு நின்ன ஒரு சின்னப் பையனுக்கு ஒரு அடி தள்ளி சுவரில் மோதி நின்னுது. அவன் சிரிச்சான். என்னால சிரிக்க முடியலை.

செர்வோவைக் கழட்டிப் பார்த்தா அதில் ஒரு குறையும் இல்லை. அப்போ என்னதான் நடந்தது? விடையைத் தேடிப் போனது 1860கள் வரைக்கும் என்னை இழுத்துக்கிட்டுப் போச்சு.

பெரிய கப்பலும் சின்னச் சக்கரமும்

1858ல் இங்கிலாந்தில் கிரேட் ஈஸ்டர்ன் என்ற கப்பல் தண்ணீரில் இறங்கியது. இசம்பார்ட் கிங்டம் புருனெல் வடிவமைத்தது. நீளம் சுமார் 211 மீட்டர். அதுவரைக்கும் உலகம் அவ்வளவு பெரிய கப்பலைப் பார்த்ததில்லை. ஆனால் சுக்கானைத் திருப்புவது மனிதர்களுடைய கை பலம்தான். கடல் கொந்தளித்தால் பல மாலுமிகள் சேர்ந்து சக்கரத்தைப் பிடிக்கணும். 1861ல் அட்லாண்டிக் புயலில் சுக்கான் தண்டு முறிந்து, துடுப்புச் சக்கரங்களும் போய், பயணிகளோடு அந்தக் கப்பல் திசையில்லாமல் அலைந்தது. எவ்வளவு பெரிய என்ஜின் இருந்தாலும், திருப்ப முடியாத வண்டி ஆபத்தான வண்டிதான்.

1866ல் ஜான் மெக்ஃபார்லேன் கிரே என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர், சுக்கானைத் திருப்ப ஒரு நீராவி என்ஜினுக்குக் காப்புரிமை வாங்கினார். அது கிரேட் ஈஸ்டர்னில் பொருத்தப்பட்டது. இதில் நீராவியின் பலத்தை விட முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. வெறும் நீராவியால் சுக்கானைத் தள்ளினால் அது ஒரே பக்கமா போய் முட்டிக்கிட்டு நிற்கும். எங்கே நிறுத்துவது என்று என்ஜினுக்கு யார் சொல்வது?

கிரே செய்தது இதுதான். மாலுமி சக்கரத்தைத் திருப்பினால் நீராவி வால்வு திறக்கும், சுக்கான் நகரும். அப்படி நகரும் சுக்கானே, தன்னோடு இணைத்த ஒரு அமைப்பு மூலமா அந்த வால்வை மெதுவா மூடிக்கிட்டு வரும். மாலுமி கேட்ட இடத்துக்குச் சுக்கான் வந்ததும் வால்வு முழுசா மூடிடும், என்ஜின் நின்றுவிடும். ‘நீ கேட்டது இது, நான் இருப்பது இங்கே’ என்று இரண்டையும் ஒப்பிட்டுக்கிட்டே இருப்பது. இதைத்தான் இன்னிக்குப் பின்னூட்டம் என்கிறோம்.

பிரான்சில் ஜோசப் ஃபார்கோவும் இதே பாதையில் வேலை செய்தார். 1873ல் அவர் வெளியிட்ட புத்தகத்தில் இந்த வகை இயந்திரத்துக்கு ‘செர்வோ-மோட்டார்’ என்று பேர் வைத்தார். அடிமை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அதாவது, அடிமை மோட்டார். சொன்னதைச் செய்யும், செய்து முடிக்கும் வரை விடாது. இந்தக் கடைசி வரியை ஞாபகம் வச்சுக்குங்க. என் டிரக் ஏன் சுவரில் மோதியது என்பதற்கு விடை இதுக்குள்ளதான் இருக்கு.

கம்பி இல்லாமல் திருப்புவது

1898ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நிக்கோலா டெஸ்லா ஒரு சின்னப் படகைத் தொட்டித் தண்ணீரில் விட்டு, ரேடியோ அலையால் ஓட்டிக் காட்டினார். அதே வருஷம் நவம்பரில் காப்புரிமையும் கிடைத்தது. ஆனா அந்தப் படகிடம் ‘கொஞ்சமா வலது பக்கம் திரும்பு’ என்று சொல்ல வழியில்லை. ஒவ்வொரு சிக்னலுக்கும் உள்ளே இருந்த அமைப்பு ஒரு படி நகரும். வரிசைப்படி அடுத்த நிலை என்னவோ அதுதான் கிடைக்கும்.

அடுத்த அறுபது வருஷம் கிட்டத்தட்ட இதே சிக்கல்தான். 1937ல் அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் ரேடியோவால் கட்டுப்படுத்தும் மாதிரி விமானத்தை வெற்றிகரமாகப் பறக்கவிட்டாங்க. அதன் பேர் பிக் கஃப். இப்போ ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கு.

அந்தக் காலத்து ஆர்வலர்களுக்குச் சுக்கானைத் திருப்பக் கிடைத்தது எஸ்கேப்மென்ட் என்ற கருவி. முறுக்கின ரப்பர் பேண்ட், ஒரு மின்காந்தம், ஒரு பல்சக்கரம், அவ்வளவுதான். பட்டனை அழுத்தினா முழுசா வலது. விட்டா நடு. மறுபடி அழுத்தினா முழுசா இடது. கடைசியா எந்தப் பக்கம் திருப்பினோம் என்பதை ஓட்டுறவர் மனசுலயே எண்ணிக்கிட்டு இருக்கணும். ஒரு எண்ணிக்கை தவறினால் மாசக்கணக்கில் செஞ்ச விமானம் மரத்தில்.

ஒன்றரை மில்லிசெகண்ட்

இதை மாற்றியது 1960களின் தொடக்கத்தில் வந்த டிஜிட்டல் ப்ரொபோர்ஷனல் முறை. அமெரிக்கர்களான டக் ஸ்ப்ரெங், டான் மாதேஸ் இருவரும் உருவாக்கிய டிஜிகான் இதில் முன்னோடி. கைப்பிடியை எவ்வளவு சாய்க்கிறோமோ அதே அளவுக்குச் சுக்கான் திரும்பும். இப்போ சாதாரணமா தெரியும், அன்னிக்கு அது மந்திரம்.

இன்னிக்கும் நம்ம செர்வோக்கள் அதே வகை மொழியில்தான் பேசுது. ரிசீவரிலிருந்து ஒரு நொடிக்குச் சுமார் 50 முறை ஒரு மின் துடிப்பு வரும். அது 1.5 மில்லிசெகண்ட் நீளம் இருந்தால் நடுவில் நில். 1 மில்லிசெகண்ட் என்றால் ஒரு ஓரம், 2 என்றால் மறு ஓரம். உள்ளே சின்ன மோட்டார், பல்சக்கரங்கள், அச்சு எங்கே இருக்குன்னு அளக்க ஒரு பொட்டென்ஷியோமீட்டர். துடிப்பு சொல்லும் இடமும் அச்சு இருக்கும் இடமும் ஒண்ணா ஆகும் வரை மோட்டார் தள்ளிக்கிட்டே இருக்கும். கிரேயோட வால்வு வேலையை இங்கே ஒரு சின்ன சர்க்யூட் செய்யுது.

டிரக் வந்ததும் வந்த தொல்லை

1976ல் ஜப்பானின் டாமியா நிறுவனம் போர்ஷே 934 என்ற 12ல் ஒரு பங்கு அளவு ரேடியோ காரை வெளியிட்டது. அப்புறம் மண்ணில் ஓடும் பக்கிகள், அதுக்குப் பின்னால டிரக்குகள். 1987ல் வந்த கிளாட் பஸ்டர் ஒரு திருப்புமுனை. ரெண்டு மோட்டார், நாலு சக்கர ஓட்டம், முன்னும் பின்னும் திரும்பும் சக்கரங்கள். ஆனா அந்த நாலு ராட்சத டயரையும் திருப்ப நடுவில் ஒரே ஒரு செர்வோ, அதிலிருந்து நீளமான கம்பிகள். டயர் பெரிசாச்சு, அதைத் திருப்புற கை மட்டும் அப்படியே இருந்தது. அதனால வாங்கினவங்க செர்வோவை நேரா அச்சு மேலேயே மாட்ட ஆரம்பிச்சாங்க, முன்னால ஒண்ணு, பின்னால ஒண்ணு. பலமான செர்வோவைத் தேடுற பழக்கம் டிரக்காரர்களிடம் ஊறினது இப்படித்தான்.

பெட்டி மேல இருக்கும் எண்கள்

இப்போ மறுபடி கடைக்குப் போவோம்.

கிலோ-சென்டிமீட்டர் என்பது டார்க். அச்சிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி எத்தனை கிலோவைத் தாங்கும் என்ற கணக்கு. பல வருஷமா எல்லாரும் பயன்படுத்தின ஃபுடாபா எஸ்3003 செர்வோவுக்கு 4.8 வோல்ட்டில் 3.2, 6 வோல்ட்டில் 4.1. ஒரே செர்வோ, வோல்ட் மாறினால் பலம் மாறும். பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் அதிகபட்ச வோல்ட்டில் கிடைக்கும் எண். உங்க வண்டி எத்தனை வோல்ட் தருது என்று முதல்ல பாருங்க.

60 டிகிரிக்கு எத்தனை நொடி என்பது வேகம். எண் குறைந்தால் வேகம் அதிகம். கல் மேல மெதுவா ஏறும் வண்டிக்கு டார்க் முக்கியம், பந்தய வண்டிக்கு வேகமும் வேணும்.

அச்சு நுனியில் இருக்கும் பற்களின் எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஃபுடாபா 25, ஹைடெக் 24, ஜேஆர் 23. 24 பல் கையை 25 பல் அச்சில் அழுத்தி மாட்டினா பற்கள் மழுங்கிடும்.

அப்புறம் பல்சக்கரம். உலோகம் நல்லதுதான். ஆனா முன்னாடி பிளாஸ்டிக் உடைஞ்சு அடியைத் தானே வாங்கிக்கிட்டது. அந்த வேலையை இனி செர்வோ சேவர் என்ற ஸ்பிரிங் செய்யணும். அது தளர்ந்திருந்தா 25 கிலோ பலமும் ஸ்பிரிங்லயே வீணாகும். ரொம்ப இறுகியிருந்தா அடி நேரா உள்ளே போகும்.

கடைசியா, நான் கவனிக்காம விட்டது: மின்சாரம். பலமான செர்வோ முட்டிக்கிட்டு நிற்கும்போது பல ஆம்பியர் இழுக்கும். என் வண்டியில் ஸ்பீட் கன்ட்ரோலருக்குள்ள இருக்கும் பிஇசி என்ற சர்க்யூட்தான் செர்வோ, ரிசீவர் ரெண்டுக்கும் மின்சாரம் தருது. அது பழைய 3 கிலோ செர்வோவுக்காக அமைச்சது.

இனி அந்த நொடியைப் பாருங்க. நான் கடைசி வரைக்கும் திருப்பினேன். சக்கரம் அதன் எல்லையில் முட்டிக்கிச்சு. ஆனா செர்வோவுக்கு வந்த கட்டளை ‘இன்னும் திரும்பு’. அடிமை மோட்டார் ‘முடியாது’ன்னு சொல்லாது. இருந்த மின்சாரத்தை எல்லாம் உறிஞ்சித் தள்ளிக்கிட்டே இருந்தது. வோல்ட் விழுந்தது, ரிசீவர் அணைஞ்சது. எட்டு மடங்கு பலம் வாங்கினவனுக்கு அந்த ஒரு நொடியில் ஸ்டியரிங்கே இல்லை.

அதே செர்வோதான் இன்னிக்கும் ஓடுது. தனியா ஒரு பிஇசி வாங்கி வச்சேன். சக்கரம் முட்டுறதுக்குக் கொஞ்சம் முன்னாடியே செர்வோ நிற்கும்படி ரிமோட்டில் ரெண்டு பக்க எல்லையையும் குறைச்சேன். பிஇசிக்குத்தான் செலவு, எல்லையைக் குறைக்க அஞ்சு நிமிஷம்கூட ஆகலை. முதல் ஓட்டத்தை ஆள் இல்லாத இடத்தில் பார்த்துட்டுத்தான் மைதானத்துக்கே போனேன்.

நீங்க செர்வோ மாத்தப் போறீங்கன்னா, பெட்டியில் இருக்கும் பெரிய எண்ணைப் பார்க்குறதுக்கு முன்னாடி ரெண்டு கேள்வி கேளுங்க: இதுக்குச் சாப்பாடு போட என் வண்டியால முடியுமா? எங்கே நிறுத்தணும்னு இதுக்கு நான் சொல்லியிருக்கேனா?